மூன்றாவது பையில் இருந்த கறுப்பு மண்

மண்ணுக்குப் பெயர் வைக்க மூன்று காகிதம் வேண்டும். ஒன்று, அந்த மண்ணைப் பரிசோதித்துப் பார்த்த காகிதம். இரண்டாவது, அந்தப் பக்கத்தில் வருஷா வருஷம் எவ்வளவு மழை பெய்தது, எவ்வளவு வெயில் காய்ந்தது என்ற காகிதம். மூன்றாவது, அந்த நிலம் மேடா பள்ளமா, எந்தப் பக்கம் சரிகிறது, பக்கத்தில் ஏரி இருக்கிறதா, மரம் இருக்கிறதா என்று வரைந்த காகிதம். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போனால்தான் பெயர். ஒத்துப் போகாவிட்டால் பெயர் கிடையாது. திரும்பவும் குழி வெட்ட வேண்டும்.

இதை எனக்குச் சொன்னவர் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மண் பகுதிக்குப் பெரியவர், அந்துவான் முசே; முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எண் நன்றாகத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆய்வுக்கூடத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள், நீங்கள் மண் அறையில் இருந்ததைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். நிதானமாக எழுதியிருக்கிறேன். என் மகள் உட்கார்ந்து பிழை திருத்திக் கொடுத்தாள். கையெழுத்துதான் கோழி கிளறினது மாதிரி இருக்கும். வேலை அப்படி இருந்ததில்லை.

வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு, கருவடிக்குப்பத்திலிருந்து தினமும் டவுனுக்கு நடந்து வந்து ஆய்வுக்கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மண் அறையில் கீழே கொஞ்சம் மண் சிந்திக் கிடந்தது. மேலே ஆறு தட்டில் மண் காய்கிறது. நான் சிந்தியதைக் கூட்டி, ஒரு காகிதத்தில் போட்டு ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டேன். முசே வந்து பார்த்தார்.

“இதை ஏன் தனியா வெச்சிருக்கீங்க?”

“எந்தத் தட்டுலேர்ந்து விழுந்துச்சுன்னு தெரியலைங்க. தெரியாத மண்ண எதுல போடறது?”

அவர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பெயர் கேட்டார். சொன்னேன்.

“நாளையிலேர்ந்து இந்த அறையில வேலை பாருங்க, மதாம் அஞ்சலை.”

மதாம் என்றால் பிரெஞ்சில் அம்மா; என்னை யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. வீட்டில் போய்ச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. “மதாமுக்கு இன்னிக்கு இன்னா கொழம்பு வெக்கட்டும்?” என்று என் நாத்தனார் ஒரு மாசம் கேலி செய்தாள்.

வேலையைக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆனது. கேட்கிறவர்களுக்கு இது வேலையாகவே தோன்றாது. வயலிலிருந்து துணிப்பையில் மண் வரும். பழுப்புக் காகிதம் விரித்த தட்டில் அதைக் கொட்டி, நிழலில் நாலைந்து நாள் காயவிட வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது, மண்ணின் குணம் மாறும். காய்ந்த கட்டியை மரக் கொட்டாப்புளியால் தட்டி உடைக்க வேண்டும். இரும்பால் தட்டினால் இரும்புத் தூள் கலந்துவிடும். வேரைப் பொறுக்கி எடுத்துவிட்டு, இரண்டு மில்லிமீட்டர் கண் உள்ள பித்தளைச் சல்லடையில் சலிக்க வேண்டும். கீழே விழுவதுதான் மண். மேலே நிற்பது கல். கல்லை எடை போட்டு, எடையை மட்டும் எழுதிவிட்டுக் கொட்டிவிடலாம்.

பிறகு பங்கு போடுவது. சலித்த மண்ணைக் குவித்து, தோசை மாதிரி தட்டையாக்கி, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு நாலு பங்காக்க வேண்டும். எதிரெதிர் பங்கு இரண்டை ஒதுக்கிவிட்டு, மிச்ச இரண்டையும் திரும்பக் குவிக்க வேண்டும். திரும்ப நாலு பங்கு. கடைசியில் மேலே பரிசோதனைக்குப் போவது ஒரு டம்ளர் மண். அந்த ஒரு டம்ளர், மூட்டை மண் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரு கை அள்ளிக் கொடுத்தால் போதாதா என்று ஆரம்பத்தில் நினைத்தேன். அள்ளும்போது பொடி கீழே நழுவிவிடும், மணல்தான் கையில் வரும் என்று முசே அள்ளியே காட்டினார்.

பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு இருக்கும். ஈர மண்ணில் மை கரைந்துவிடும். அதனால் நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். குழியின் மேல் அடுக்கு மண் என்றால் பைக் கயிற்றில் ஒரு முடிச்சு, அதற்குக் கீழ் அடுக்குக்கு இரண்டு, அப்படியே அஞ்சு வரைக்கும். குழி வெட்டும் கலிவரதன் முடிச்சுப் போட்டுக் கொண்டு வருவான். சீட்டு அழிந்தாலும் முடிச்சு அழியாது.

முசேயைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழர்தான். பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்சில் மண் படித்து, அங்கேயே வேலை பார்த்துவிட்டு, தலை நரைத்த பிறகு இங்கே வந்தவர். காலையில் கேட்டிலிருந்து மாடி வரைக்கும் எதிர்ப்படும் எல்லோருக்கும் பொன்ழூர் என்று வணக்கம் சொல்வார். வாட்ச்மேனுக்கும் அதே குரல், டைரக்டருக்கும் அதே குரல். அந்த மூன்று காகிதத்தையும் மேஜையில் விரித்து, மூலைக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு, உட்காராமல் மேஜையைச் சுற்றிச் சுற்றி வருவார். தப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஏதாவது சரியில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றி, “அலோர், இன்னொரு தடவை” என்பார். அலோர் என்றால் ‘சரி, அப்படியானால்’. எங்களுக்கு அது, திரும்பவும் முதலிலிருந்து.

மேலே பரிசோதனை செய்வது சுமதி மேடம். கெட்டிக்காரப் பெண், படபடவென்று பேசும். சுனாமிக்குப் பிறகு வீராம்பட்டினம் பக்கத்து நிலங்களிலிருந்து மூட்டை மூட்டையாக மண் வந்தது. உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். தட்டில் காயக் காய, மேலே வெள்ளையாக உப்புப் பூத்தது. அதைச் சுரண்டி எடுப்பதா, மண்ணோடு கலப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. முசே மீட்டிங்கில் இருந்தார். நான் தட்டைத் தொடாமல் மத்தியானம் வரை அறை வாசலில் நின்றேன்.

“இதுக்குப் போயி அரை நாளா?” என்றாள் சுமதி.

முசே வெளியே வந்து பார்த்துவிட்டு, கலக்கத்தான் வேண்டும், சுரண்டிவிட்டால் நாம் தேடுவதையே எறிந்த மாதிரி ஆகும் என்றார். அதற்குப் பிறகு, “அஞ்சலம்மா கேக்காம தும்மக்கூட மாட்டாங்க” என்று சுமதி எல்லோரிடமும் சொல்லும். நான் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆடி மாதம்தான் நடுக்குழி வந்தது.

சேதராப்பட்டைத் தாண்டி மேற்கே ஒரு சரிவு. மேட்டில் செம்மண், முந்திரி மரங்கள். கீழே ஏரி, ஏரியைச் சுற்றிக் களிமண், கறுப்பு. மேட்டு மண்ணுக்குப் பெயர் இருக்கிறது. ஏரி மண்ணுக்கும் பெயர் இருக்கிறது. நடுவில், செம்மண் போய்க் கறுப்பு மண் வரும் இடத்தில் இருக்கிற மண் எது? அது இரண்டில் ஒன்றா, தனி வகையா? முசேக்கு அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஆவல். தனி வகை என்றால் அதை முழுதாக விவரித்து எழுதி, அந்த ஊர்ப் பெயரையே வைக்கலாம். மேட்டிலிருந்து ஏரி வரைக்கும் நேர்கோட்டில் ஏழு குழி. அதில் நாலாவது, நடுக்குழி. எல்லாம் அதைப் பொறுத்துத்தான் இருந்தது.

கலிவரதன் வீராம்பட்டினத்துக்காரன். நடுக்குழிப் பைகளை ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கொண்டு வந்து இறக்கினான்.

“அக்கா, நாளைக்கு எங்க ஊர்ல தேரு. சீக்கிரம் எண்ணி வாங்கிக்கினா நான் கெளம்புவேன்.”

அஞ்சு பை. ஒன்றிலிருந்து அஞ்சு முடிச்சு வரை சரியாக இருந்தது. வாங்கி வைத்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, சுமதி காகிதத்தோடு மண் அறைக்கு இறங்கி வந்தாள்.

“அஞ்சலம்மா, நடுக்குழியில மூணாவது பையும் நாலாவது பையும் மாறிப்போச்சு.”

“எங்க மாறுச்சு?”

“இங்கதான். வேற எங்க?”

காகிதத்தைக் காட்டினாள். முதல் அடுக்கும் இரண்டாவது அடுக்கும் செம்மண், சுண்ணாம்பு இல்லை. மூன்றாவது கறுப்பு, அமிலம் விட்டால் நுரைக்கிறது, சுண்ணாம்பு நிறைய. நாலாவது திரும்பவும் செம்மண், சுண்ணாம்பு இல்லை. அஞ்சாவது கறுப்பு, சுண்ணாம்பு.

“செவப்பு, செவப்பு, கறுப்பு, செவப்பு, கறுப்பு. பிரியாணிக்குத் தம் போட்ட மாதிரி இருக்கு உங்க மண்ணு. எந்த ஊர்லம்மா இப்பிடி இருக்கும்?”

“மூணு முடிச்சுப் பையில கறுப்பு. நாலு முடிச்சுப் பையில செவப்பு. முடிச்சப் பாத்துத்தான் தட்டுல கொட்டனேன்.”

“ரெண்டு நம்பரையும் மாத்திப் போட்டா எல்லாம் சரியா வருது, பாருங்க. மேல மூணும் செவப்பு, கீழ ரெண்டும் கறுப்பு. நானே மாத்திடறேன். முசேகிட்ட சொல்ல வேணாம், உங்களுக்குத்தான் கெட்ட பேரு.”

நல்ல மனசோடுதான் சொன்னாள். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. மண் அறையில் படித்த ஆளைப் போட வேண்டும் என்று ஆபீஸில் ஏற்கெனவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சலைக்குப் பை மாறுகிறது என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். நான் தயார் செய்து அனுப்பின எந்த மண்ணையும் அதற்குப் பிறகு யார் நம்புவார்கள்? பேசாமல் தலையாட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தலையாட்டுவது, மாற்றினேன் என்று ஒத்துக்கொள்வது மாதிரி.

“மாத்தாதீங்க மேடம். நான் மாத்தலை.”

“அப்போ முசேகிட்டதான் போகணும்.”

“போவோம்.”

முசே மூன்று காகிதத்தையும் விரித்தார். கல் வைத்தார். சுற்றி வந்தார். பரிசோதனைக் காகிதத்தில் இருப்பதை சுமதி சொன்னாள். நிலத்தின் படத்தில் விரலை ஓட்டினார். சரிவில் தண்ணீர் நிற்காது. தண்ணீர் நிற்காத இடத்தில் நடுவில் ஒரு கறுப்பு அடுக்கு வருவதற்கு வழியில்லை. மழைக் காகிதத்தை எடுத்தார்.

“நம்ம ஊர் மழை ஐப்பசி, கார்த்திகைன்னு மொத்தமா கொட்டும். அந்தத் தண்ணி சுண்ணாம்பைக் கரைச்சுக் கீழ இறக்கும். மேல சுண்ணாம்பு இருந்து அதுக்குக் கீழ இல்லைன்னா, மழையே பெய்யலைன்னு அர்த்தம்.”

“நான் பொய் சொல்றேன்னு மழை சொல்லுதாங்க, முசே?”

என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சுமதி தரையைப் பார்த்தாள். முசே கண்ணாடியைக் கழற்றினார்.

“யாரும் அப்படிச் சொல்லலை, மதாம். மூணும் ஒத்துப் போகலை, அவ்வளவுதான். பேப்பர்ல நம்பர் மாத்த ஒரு நிமிஷம் போதும். ஆனா எதுக்கு மாத்தினோம்னு கேட்டா, நமக்குப் புரியலை, அதனால மாத்தினோம்னுதான் சொல்லணும். அலோர், இன்னொரு தடவை வெட்டுவோம். நீங்களும் வாங்க.”

அத்தனை வருஷத்தில் எத்தனையோ ஊர் மண்ணைச் சலித்திருக்கிறேன். ஒரு குழியையும் கண்ணால் பார்த்ததில்லை. குழிக்குப் போவது ஆம்பளைகள் வேலை என்று இருந்துவிட்டது.

ஆவணியில் ஒருநாள் ஜீப்பில் போனோம். முசே முன்னால். நானும் சுமதியும் கலிவரதனும் கூலிக்கு வந்த இரண்டு பேரும் பின்னால். கலிவரதன் வழக்கமாக வாய் மூட மாட்டான். அன்றைக்கு வாயைத் திறக்கவே இல்லை.

“தேரு நல்லா நடந்துச்சா?” என்று கேட்டேன்.

“நடந்துச்சுக்கா.”

அவ்வளவுதான்.

இடத்தில் இறங்கியதும் முசே என்னை நடுச்சரிவில் நிறுத்தினார். “நீங்க மழைத்தண்ணியா இருந்தா எந்தப் பக்கம் போவீங்க?” என்று கேட்டார். நான் சுற்றிப் பார்த்தேன். பார்க்கும்போது தட்டையாகத்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்ற பிறகு கால் சொன்னது. இடது கால் விரல் பக்கம் தாழ்வாக இருந்தது. அந்தப் பக்கம் கை காட்டினேன். அந்தப் பக்கம்தான் ஏரி. முந்திரித் தோப்புச் செம்மண் ஏன் இத்தனை மணலாக இருக்கிறது, பொடி எல்லாம் எங்கே போகிறது என்று தட்டைப் பார்த்துப் பல நாள் யோசித்திருக்கிறேன். அங்கே நின்றபோது பதில் கண் எதிரே கிடந்தது. பொடி ஏரிக்குப் போகிறது.

முசே தன் படத்தை வைத்து, ரோட்டுப் பாலத்திலிருந்து டேப் பிடித்து அளந்து, பழைய குழி இந்த இடம்தான் என்றார். மேலே உழுதிருந்ததால் குழி மூடின தடம் தெரியவில்லை. கலைந்த மண் வேண்டாம் என்று நாலடி தள்ளி முளை அடித்தார். முளை இறங்கவில்லை. உழுத மண்ணுக்குக் கீழே பாறை மாதிரி இருந்தது. கடப்பாரை போட்டால் திரும்பி வந்தது. கூலிக்காரர் ஒருவர், “இது கொல்லையா, சிமென்ட்டு ரோடா?” என்றார். எங்கள் பக்கம் கொல்லை என்றால் புன்செய் நிலம். கலிவரதன் அதற்கும் சிரிக்கவில்லை.

ஆள் உயரம் வெட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. மண்வெட்டியால் ஒரு பக்கச் சுவரைச் சீவிச் சுத்தம் செய்தார்கள். எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

செவப்பு. செவப்பு. செவப்பு. கறுப்பு. கறுப்பு.

சுமதி நோட்டில் எழுதினாள். பேசியிருந்தால் பதில் பேசியிருப்பேன். அவள் பேசாமல் எழுதியதுதான் தாங்கவில்லை. முடிச்சை நான் எண்ணும்போது கண் மங்கியிருக்குமோ, தட்டு மாற்றி வைத்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

ஆனாலும் அத்தனை தூரம் வந்துவிட்டு மண்ணைத் தொடாமல் திரும்பப் பிடிக்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். கறுப்பில் ஒரு கட்டியைப் பெயர்த்து, தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புச் சுக்கான் கல், சுண்டைக்காய் அளவு, கெட்டியாக. இன்னொரு கட்டியை உடைத்தேன். அதிலும் அதேதான். இன்னொன்று.

“இது அந்தக் கறுப்பு இல்ல” என்றேன்.

“கறுப்புல ரெண்டு கறுப்பாம்மா?” என்றாள் சுமதி மேலேயிருந்து.

“அஞ்சாவது பையில இருந்தது இந்தக் கறுப்பு. இதே கல்லு சல்லடையில நின்னுச்சு. மூணாவது பையில கல்லே இல்ல. நத்தை ஓடு இருந்துச்சு.”

முசே நோட்டை மூடினார். “என்ன ஓடு?”

“நத்தை. மொளகு மாதிரி சின்னது, சுருட்டை சுருட்டையா. சலிக்கச் சொல்லோ மேல நின்னுச்சு. கல்லு கணக்குல எடை போட்டுட்டேன். கொட்ட மனசு வரல. பாக்க அழகா இருந்துச்சு. ஒரு தீப்பெட்டியில போட்டு வெச்சிருக்கேன்.”

“ஏன் சொல்லலை, மதாம்?”

“எடையத்தான கேட்டீங்க. காகிதத்துல ஓட்டுக்கு எடம் இல்லையே.”

சுமதி குழி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். “அமிலத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். கல்லுன்னாலும் நுரைக்கும், ஓடுன்னாலும் நுரைக்கும். எனக்கு நம்பர் மட்டுந்தான் வரும்” என்று மெதுவாகச் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

முசே கேட்டார், “நத்தை இருக்கணும்னா தண்ணி நிக்கணும். இந்தச் சரிவுல தண்ணி எங்க நிக்கும்?” என்னைக் கேட்டாரா, நிலத்தைக் கேட்டாரா தெரியாது. பதில் சொன்னவன் கலிவரதன்.

“முசே, நான் இங்க வெட்டலை.”

எல்லோரும் திரும்பினோம்.

“அன்னிக்கு நீங்க அடிச்ச மொளையிலதான் ஆரம்பிச்சேன். கடப்பாரை ஏறல. மறுநாளு தேரு. கொல்லைக்காரம்மா வந்து, அந்தப் பக்கம் வெட்டு, மெத்துனு இருக்கும்னு சொல்லிச்சு. இருவது தப்படி தள்ளிப் போட்டேன். ஒரு மணி நேரத்துல முடிஞ்சிச்சு.”

எனக்கு வந்த கோபத்துக்கு, குழிக்குள் நின்றது நல்லதாகப் போயிற்று.

“இத்தன நாளா நான் திருடி மாதிரி நிக்கிறேன். ஒரு வார்த்த சொல்லலியேடா, பாவி.”

“குழி தள்ளிப் போட்டா மண்ணு மாறிப் போவும்னு எனக்கு இன்னாக்கா தெரியும்? ஒரே கொல்லதான.” பிறகு கொஞ்சம் நிறுத்தி, “இன்னிக்குக் காலையிலதான் சந்தேகம் வந்துச்சு. அப்புறம் பயமா பூடுச்சு” என்றான்.

ஒரே கொல்லைதானே என்று அவன் சொன்னதை நான் பின்னால் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் காலை வரை நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

முசே திட்டவில்லை. “எங்க?” என்று மட்டும் கேட்டார். கலிவரதன் தப்படி வைத்துக் காட்டினான். அந்த இடத்தில் மண்வெட்டி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. பழைய குழி பக்கத்திலேயே, கலையாத சுவராகப் பார்த்து வெட்டினார்கள். நான் இறங்கி நின்று, மேலேயிருந்து கை வைத்துச் சொல்லிக்கொண்டே வந்தேன். சுமதி எழுதினாள்.

செவப்பு. செவப்பு. கறுப்பு, அதில் நத்தை ஓடு. செவப்பு. கடைசியில் கறுப்பு, சுக்கான் கல்.

“தம் போட்டுத்தான் வெச்சிருக்கு” என்றாள் சுமதி.

மோர்ச் செம்போடு கொல்லைக்காரம்மா வந்தார்கள். முசே கேட்டார். “இங்க மாடு தண்ணி குடிக்கிற குட்டை இருந்துச்சுங்க. எங்க மாமனாரு மேட்டுலேர்ந்து செம்மண்ணு கொண்டாந்து தூத்துட்டாரு. எங்க கல்யாணத்துக்கு முன்னாடியே. அதுக்கின்னா இப்ப?” என்றார்கள்.

அதற்கு என்ன இப்போது என்று அந்த அம்மாவுக்கு யாரும் விளக்கவில்லை. மேலே இரண்டு அடுக்கு மாமனார் கொட்டின மண். மூன்றாவது குட்டையின் சேறு. நாலாவதும் அஞ்சாவதும்தான் அந்த நிலத்தின் சொந்த மண். மழைக்காகிதம் சொன்னதும் பொய்யில்லை. சேற்றுச் சுண்ணாம்பைக் கீழே இறக்க மழைக்கு இன்னும் காலம் போதவில்லை, நம் வயசெல்லாம் அதற்கு ஒரு நாள் மாதிரி என்று முசே சொன்னார். நத்தை எத்தனை வருஷம் மண்ணுக்குள் அப்படியே இருக்கும் என்று கேட்டேன். தெரியாது, பார்க்க வேண்டும் என்றார். அவருக்குத் தெரியாதது ஒன்றை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஜீப்பில் திரும்பி வரும்போது கலிவரதன் தன் பங்கு முறுக்குப் பொட்டலத்தை என் மடியில் வைத்தான். நானும் பிரித்துத் தின்றேன்.

மறுநாள் முசே எல்லோர் முன்னாலும் நடுக்குழிக் காகிதத்தை எடுத்து, அஞ்சு வரியின் மேலும் நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். எனக்குப் புரியவில்லை.

“நான்தான் சரியா செஞ்சேனே முசே. அப்புறம் ஏன் அடிக்கிறீங்க?”

“நீங்க சரியா செஞ்சதாலதான் இதை அடிக்க முடியுது, மதாம். மாத்தி எழுதியிருந்தா, ஒரு குட்டையைத் தூர்த்த மண்ணு இந்த ஊர் மண்ணுன்னு புஸ்தகத்துல ஏறியிருக்கும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

தலையை ஆட்டிவிட்டுக் கீழே வந்தேன். நியாயம்தான். ஆனாலும் நான் காயவைத்து, தட்டி, சலித்து, பங்கு போட்ட அஞ்சு பையும் எதற்கும் உதவாமல் போனது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. முசே முளை அடித்த இடத்துப் புதுக்குழி மண்ணை முதலிலிருந்து தயார் செய்தேன். இந்தத் தடவை சுமதி அச்சடித்துக் கொடுத்த காகிதத்தில், சல்லடையில் நின்றது என்ன என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. நான் சொல்ல, அவள் எழுதுவாள். படித்த ஆளைப் போடும் பேச்சு அதற்குப் பிறகு என் காதில் விழவில்லை.

மார்கழி வாக்கில் மூன்று காகிதமும் ஒத்து வந்துவிட்டன. தனி வகைதான் என்று முடிவானது. சுமதி விவரித்து எழுதிய நாலு பக்கத்தை எடுத்துக்கொண்டு, மாடிக்குப் போகாமல் மண் அறைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அஞ்சலம்மா, முசேகிட்ட குடுக்கறதுக்கு முன்னாடி உங்களுக்குப் படிக்கிறேன். இங்கிலீஷ்ல இருக்கு, தமிழ்ல சொல்றேன். எதையாவது விட்டுட்டனான்னு பாருங்க.”

நான் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். நிலம் எந்தப் பக்கம் சரிகிறது என்று படித்தாள். மழை எந்த மாசத்தில் எப்படி, வெயில் எப்படி என்று படித்தாள். மேலே முந்திரி, கீழே ஏரி என்று படித்தாள். பிறகு அடுக்கு ஒவ்வொன்றாக வந்தாள். உழுத மண்ணுக்குக் கீழே, இரண்டாவது அடுக்கு, சிவப்பு, மணல் கலந்தது, சுண்ணாம்பு இல்லை, மிருதுவானது, பொலபொலவென்று உதிரக்கூடியது.

“நிறுத்துங்க. உதிரும்னா போட்டிருக்கீங்க?”

“ஆமாம்மா. டம்ளர்ல இருந்த மண்ண நான்தானே தொட்டுப் பாத்தேன். மாவு மாதிரி இருந்துச்சு.”

“டம்ளர்ல இருந்தது நான் கொட்டாப்புளியால தட்டிச் சலிச்ச மண்ணு மேடம். நெலத்துல அது அப்பிடி இல்ல. கடப்பாரை திரும்பி வந்துச்சே, பாத்தீங்களே.”

சுமதி என்னைப் பார்த்தாள். காகிதத்தைப் பார்த்தாள். பேனாவை எடுத்து அந்த வார்த்தையை அடித்தாள்.

“என்னன்னு எழுதட்டும்?”

“காய்ஞ்சா எறுகிப்போவும், வெட்டறது கஷ்டம்.”

அப்படியே எழுதினாள். எழுதியதைத் திரும்ப ஒரு தடவை படித்துக் காட்டினாள். சரி என்றேன். அதற்குப் பிறகுதான் மாடிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.